ஐ.டி. கோபுரங்களுக்குக் கீழே நிஜாமின் மேய்ச்சல் காடு... தெரியுமா?

டிசம்பர், ஜனவரி விடிகாலையில் ஹைதராபாத் மாநகரத்திலேயே அதிகமாகக் குளிர்வது எந்த இடம், தெரியுமா? ஹுசேன் சாகர் ஏரிக்கரையா? இல்லை. கோல்கொண்டா கோட்டை உச்சியா? அதுவும் இல்லை. கண்ணாடிக் கட்டடங்கள் மொய்க்கும் கச்சிபவுலியில் இருக்கும் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகம்! தெலங்கானா அரசின் தானியங்கி வானிலை நிலையங்கள் குளிர்காலத்தில் தரும் பட்டியலில், நகர எல்லைக்குள் மிகக் குறைந்த வெப்பநிலை என்று அடிக்கடி முதலில் வருவது இந்த வளாகத்தின் பெயர்தான். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கக்கும் கான்கிரீட் அங்கே குறைவு. புல், முட்புதர், மேலே திறந்த வானம். பொழுது சாய்ந்ததும் நிலத்தின் சூடு தடையே இல்லாமல் மேலேறிப் போய்விடுகிறது. ஹைதராபாத்தில் இதுவரை பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 6.1 டிகிரி. 1946 ஜனவரி 8 அன்று. ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம், தக்காணப் பீடபூமியில் திறந்தவெளியில் மாட்டோடு நிற்கிறவருக்கு அது சிரிப்பில்லை.

மாடு எங்கே வந்தது இதில் என்கிறீர்களா? அந்த நிலமே மாட்டுக்கும் குதிரைக்கும் உரியதாக இருந்ததுதானே!

பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கருக்கு ‘காஞ்சா கச்சிபவுலி’ என்று பெயர். காஞ்சா என்றால் மேய்ச்சலுக்கு ஒதுக்கிய நிலம். வருவாய்த்துறை ஏட்டில் அதன் பெயர் இன்னும் அழகு: ‘காஞ்சா அஸ்தபல் பொரம்போக்கு சர்க்காரி’. அஸ்தபல் என்பது குதிரை லாயம். நிஜாம் காலத்தில் லாயத்துக் குதிரைகளுக்குப் புல் வளர்ந்த பூமியின் மேலும் பக்கத்திலும்தான் இன்று உலகத்தின் மென்பொருள் நிறுவனங்களெல்லாம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கின்றன! 2025 மார்ச் கடைசியில் அந்த 400 ஏக்கரை ஏலம் விடுவதற்காக மண்வாரி இயந்திரங்கள் ராத்திரியும் பகலும் இறங்கியதும், மாணவர்கள் மறித்ததும், மயில்கள் அலறிய வீடியோக்கள் ஊரெல்லாம் சுற்றியதும் நினைவிருக்கும். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஏப்ரல் 3 அன்று மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. அதற்குள் ஏறக்குறைய 100 ஏக்கர் போய்விட்டிருந்தது.

‘அது வெறும் புதர்தானே, காடா என்ன?’ என்று அப்போது பலர் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறும் ஹைதராபாத்தில்தான் அச்சாகிறது! பாலாநகரில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து ‘இந்தியத் தரிசு நில வரைபட நூல்’ தயாரித்துத் தருகிறது. 2019 பதிப்பின் கணக்குப்படி நாட்டின் நிலப்பரப்பில் 16.96 சதவீதம் தரிசு. அதில் புதர்க்காடுகளும் அடக்கம். ஆயிரம் வருஷமாக ஆடு மாடு மேய்ந்து வரும் இடத்தை, மேலே இருந்து பார்த்துவிட்டுத் தரிசு என்று எழுதிவிட்டால், கீழே அதை என்ன செய்தாலும் தப்பில்லை என்று ஆகிவிடுகிறது. கோளாறு செயற்கைக்கோளில் இல்லை, பெயர் வைக்கிறவர் கண்ணில் என்பது என் கட்சி. அந்தத் ‘தரிசில்’ நட்சத்திர ஆமை இருக்கிறது, புள்ளிமான் இருக்கிறது, ஹைதராபாத் பெயரையே தன் அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு சிலந்தியும் இருக்கிறது. கோல்கொண்டா கோட்டையின் கதையே குன்றின் மேல் ஒரு சிலையைக் கண்டெடுத்த இடையனிடமிருந்துதான் தொடங்குகிறது என்பது ஊர் வழக்கு. ஆக, இந்த ஊரை முதலில் கண்டுபிடித்தவரே மேய்க்க வந்தவர்!

இனி குளிரில் நிற்கும் மாட்டுக்கு வருவோம். மாட்டின் வயிற்றுக்குள் ஓர் அடுப்பு எரிகிறது, தெரியுமா? நான்கு அறை கொண்ட இரைப்பையில் முதல் அறைதான் பெரியது. பெரிய உடம்புள்ள மாட்டுக்கு 150 லிட்டர் கூடப் பிடிக்கும். அதில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வைக்கோலையும் காய்ந்த புல்லையும் புளிக்க வைக்கின்றன. புளிக்கப் புளிக்கச் சூடு! மாட்டின் உடம்பு சாதாரணமாக 38.5 டிகிரி, வயிற்றின் அந்த அறை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் குளிர் ராத்திரியில் தவிட்டைவிட நார் அதிகமுள்ள தட்டையும் வைக்கோலும் மாட்டுக்குக் கதகதப்பு தருகின்றன. ‘பனிக்காலம், ரெண்டு கட்டு கூடப் போடு’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்குப் பின்னால் இத்தனை விஷயம்!

அதைவிட ஆச்சரியம், மாட்டுக்குக் குளிர் பெரிய எதிரியே இல்லை. ஈரம்தான் எதிரி. குளிர்காலத்து அடர்ந்த ரோமம் உலர்ந்திருந்தால் மைனஸ் 8 டிகிரி வரை கூட மாடு கூடுதல் தீனி கேட்காமல் சமாளிக்கும் என்று அமெரிக்கக் கால்நடை விரிவாக்கத் துறைகள் கணக்குச் சொல்கின்றன. அதே மாட்டை நனைத்துவிடுங்கள். 15 டிகிரியிலேயே உடம்பு சக்தியை எரிக்கத் தொடங்கிவிடும். ரோமத்துக்கு நடுவே தங்கும் காற்றுதான் போர்வை. தண்ணீர் பட்டால் போர்வை போச்சு. ஆனால் இது சீமை மாட்டுக்கான கணக்கு. திமிலும், கழுத்துக்குக் கீழே தளர்ந்து தொங்கும் தோலும், ஏராளமான வியர்வைச் சுரப்பிகளும் உள்ள நம் நாட்டு மாடு வெயிலுக்கென்றே வார்த்தது. சூட்டை வெளியே தள்ளத் தெரிந்த அந்த உடம்புக்குச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவ்வளவாகத் தெரியாது. எருமையின் பாடு அதைவிட மோசம். கறுத்த தோலில் ரோமமே கொஞ்சம்தான். பனிக்காலத்தில் எருமை முதுகில் சாக்கைப் போர்த்திக் கட்டியிருப்பதைப் பார்த்து யாராவது சிரித்தால், அவரை ஜனவரி விடிகாலையில் சட்டை இல்லாமல் நிற்கச் சொல்லலாம்.

அடுத்த அதிசயத்துக்கு மின்சாரமும் வேண்டாம், செயலியும் வேண்டாம். காலையில் மந்தையைத் திறந்து விடுகிற மேய்ப்பரைக் கிட்டே நின்று கவனியுங்கள். அவர் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். அந்த அரை நிமிஷத்தில் ஒரு மருத்துவப் பரிசோதனையே நடந்து முடிகிறது!

முதலில் மூக்கு. நல்லபடி இருக்கிற மாட்டின் மூக்குநுனி முத்து முத்தாக ஈரம் கோத்துப் பளபளக்கும். காய்ந்து வெடித்திருந்தால் காய்ச்சலோ என்று சந்தேகம். அடுத்து இடப்பக்கம். அவர் எப்போதும் மாட்டின் இடப்பக்கம் வந்து நிற்பது தற்செயலில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதே, அதற்கு நேர் கீழேதான் அந்தப் பெரிய இரைப்பை அறை. பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் நேற்று வயிறு நிறையவில்லை. பள்ளமே காணாமல் உப்பி நின்றால் வயிற்று உப்புசம். வாயு நெஞ்சை அழுத்தி, கொஞ்ச நேரத்திலேயே மாட்டைச் சாய்த்துவிடும். உள்ளங்கையை மடக்கி அந்தப் பள்ளத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால், உள்ளே இரைப்பை நிமிஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை உருண்டு எழுவது கைக்கே தெரியும். பிறகு வாய். படுத்திருக்கும் மாடு அசைபோடுகிறதா? ஒரு கவளம் மேலே வந்தால் ஐம்பது, அறுபது மெல்லு. மாடு ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அசைபோடவே செலவழிக்கிறது. அதற்குச் சுரக்கும் உமிழ்நீர் 100 லிட்டருக்கும் மேல். நாற்பது மாட்டில் ஒரே ஒரு மாடு மட்டும் வாயை அசைக்காமல், காதைத் தொங்கவிட்டுக்கொண்டு, கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றால் போதும். அன்றைக்கு மேய்ச்சல் வேலை தள்ளிப் போகும். கடைசியில் சாணி. கெட்டியாக மடிப்பு மடிப்பாக விழுந்தால் காய்ந்த புல்லைத்தான் தின்றிருக்கிறது, தண்ணீர் காட்ட வேண்டும். நீராகப் போனால் வேறு கதை.

குளிர்காலத்தில் ஏன் இத்தனை கவனம்? தக்காணத்தில் புல் மழையோடு முளைத்து, ஐப்பசியில் முற்றி, மார்கழியில் வெறும் மஞ்சள் நாராகிவிடும். சத்து இறங்கிவிடும். கண்ணுக்குப் பச்சையாக மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சீத்தாப்பழச் செடிதான். அதை ஆடு மாடு சீந்தாது. ஹைதராபாத்தைச் சுற்றிய பாறைக் குன்றுகளில் சீத்தா காடாக மண்டியிருப்பதன் ரகசியமே அதுதான்! பச்சைக்கு ஏங்கும் மாடு அறுத்த வயலில் மறுபடி துளிர்க்கும் இளம் சோளத்தைக் கண்டால் ஓடும். அங்கேதான் எமன் நிற்கிறான். வறட்சியில் வாடிய இளஞ்சோளத்திலும் மறுதாம்பிலும் உள்ள ஒரு பொருள், மாட்டின் வயிற்றில் சயனைடாக மாறும்! ஆமாம், அதே சயனைடு. இரத்தத்தில் உயிர்க்காற்று நிறைய இருக்கும், ஆனால் உடம்பின் செல்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இரத்தம் செக்கச்செவேல் என்று இருக்கும்போதே மாடு மூச்சுத் திணறிச் சாகும். சில நிமிஷம்தான். கால்நடை மருத்துவரிடம் மாற்று மருந்து உண்டு. அவர் வந்து சேர நேரம் வேண்டுமே? மேய்ப்பரின் கம்பு மாட்டை அடிப்பதைவிட, இப்படிப்பட்ட வயலோரத்தில் குறுக்கே நீட்டுவதற்கே அதிகம் பயன்படுகிறது.

மேய்ப்பர் தோளில் கிடக்கும் கறுப்புப் போர்வையைக் கவனித்தீர்களா? கொங்கடி. தக்காணி என்ற கறுப்புச் செம்மறியின் முரட்டு ரோமத்தில் குருமா சமூகத்தார் நூற்று நெய்வது. நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போட்டு விறைப்பேற்றுவார்கள். மழைக்குத் தலையில் குடை, குளிருக்குப் போர்வை, ராத்திரிக்குப் பாய், பிறந்த ஆட்டுக்குட்டியைச் சுமக்கத் தூளி, எல்லாம் இந்த ஒன்றே. 2019 கணக்கெடுப்பில் இந்தியாவிலேயே அதிகச் செம்மறி உள்ள மாநிலம் தெலங்கானாதான், 1.9 கோடி! வேடிக்கை என்னவென்றால், அதில் ரோமம் தரும் தக்காணி ஆடு சுருங்கி, கறிக்காக வளர்க்கும் ரோமமில்லாத நெல்லூர் ஆடு பெருகிவிட்டது. இப்போது கொங்கடி அதிகம் தென்படுவது அரசியல் மேடைகளில், தலைவர்கள் தோளில்!

ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர் போனால் நல்லமலைக் காடு. அங்கே அம்ராபாத் மேட்டில் ‘பொட தூர்ப்பு’ என்ற மாட்டினம் இருக்கிறது. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு, அல்லது பழுப்பில் வெள்ளைத் திட்டு. தெலங்கானாவின் சொந்த இனமாகத் தேசிய அளவில் பதிவு பெற்ற மாடு. லம்பாடி மேய்ப்பர்கள் இவற்றைத் தொழுவத்தில் கட்டிப் போட்டு வளர்ப்பதில்லை. கல்லும் முள்ளும் நடந்து தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும் கால்கள் இவற்றுக்கு. பக்கத்திலேயே யார் தெரியுமா? புலி! அம்ராபாத் புலிகள் காப்பகம் 2,611 சதுர கிலோமீட்டர். சாயங்காலம் மாட்டை எண்ணும்போது ஒன்று குறைந்தால், அது வழி தவறியதா, இல்லை வேறு ஏதாவதா என்ற கேள்வி அங்கே நிஜமான கேள்வி.

நம் பர்கூர் மலையில் செம்மறை மாடுகளைக் காட்டுப் பட்டியில் அடைக்கிறவர்களுக்கு இந்தக் கதை அச்சு அசலாகப் புரியும். அவர்கள் மாட்டுக்கும் செவலையில் வெள்ளைத் திட்டு; அவர்களுக்கும் வனத்துறையோடு தீராத வழக்கு. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை சொல்லி, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளோ காட்டை விட்டு, அறுவடையான வயல்களில் கிடை போட்டே ஊர் ஊராக நகர்கின்றன.

மந்தையைக் கண்காணிக்கும் இதே வேலைக்கு இங்கிலாந்தில் அரசாங்கச் சட்டமே உண்டு என்றால் நம்புவீர்களா? தெற்கே நியூ ஃபாரஸ்ட் என்ற புதர்வெளியில் குட்டைக் குதிரைகளும் மாடுகளும் வேலியின்றி அலைகின்றன. அவற்றைத் தினமும் சுற்றிப் பார்க்க ‘அஜிஸ்டர்’ என்ற உத்தியோகம், ஐந்து பேர். மேய்ச்சல் கட்டணம் கட்டியாயிற்று என்பதற்கு ரசீது எங்கே தெரியுமா? குதிரையின் வாலில்! ஒவ்வொரு அஜிஸ்டரும் தன் பகுதிக்கென்று ஒரு வடிவத்தில் வால்மயிரை வெட்டிவிடுவார். லண்டனை ஒட்டிய எப்பிங் ஃபாரஸ்டில் இன்னும் ஒரு படி மேலே: நீண்ட கொம்பு மாடுகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை. வேலி கண்ணுக்குத் தெரியாது, திரையில் வரைந்த கோடுதான். கோட்டை நெருங்கினால் பட்டை பாடும். சுருதி ஏறிக்கொண்டே போகும். அப்படியும் தாண்டினால் சுள்ளென்று லேசாக ஒரு மின்துடிப்பு. சில நாளிலேயே மாடு பாட்டைக் கேட்டதும் திரும்பப் பழகிவிடுகிறது. நார்வேயில் இது முதலில் ஆடுகளுக்கு வந்தது.

கனடாவின் கதை எனக்கு மிகப் பிடித்தது. மானிட்டோபாவில் குளிர் மைனஸ் முப்பதைத் தொடும். அங்கே நடு ராத்திரியில் பனியில் கன்று பிறந்தால் விடிவதற்குள் விறைத்துவிடும். கஸ் கோனஃபால் என்ற பண்ணைக்காரர் 1970களில் ஒன்றைக் கவனித்தார். சினை மாட்டுக்குத் தீனியைக் காலையில் போடாமல் பொழுது சாயப் போட்டால், கன்றுகள் பெரும்பாலும் பகலில் பிறக்கின்றன! பிறகு அயோவாவில் 1,331 மாடுகளைப் பார்த்தபோது, அந்தியில் தீனி தின்றவற்றில் 85 சதவீதம் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் நடுவே ஈன்றன. செலவு ஒரு பைசா இல்லை.

மறுபடி கச்சிபவுலி. நிஜாமின் அந்த மேய்ச்சல் வட்டாரத்திலேயேதான் இன்று மாட்டுக்கான ஆராய்ச்சியும் குடியிருக்கிறது! தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் இங்கே உருவாக்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட ‘இண்டிகௌ’ சிப், கிர், காங்க்ரேஜ், சாஹிவால், ஓங்கோல் போன்ற நாட்டு இனங்களின் மரபணுவில் 11,496 அடையாளப் புள்ளிகளைப் பார்த்து, மாடு கலப்பில்லாததா என்று சொல்லிவிடும். கொஞ்ச தூரத்தில் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ். கோமாரித் தடுப்பூசியில் உலகின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்று. மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் 12 இலக்கம் இருக்கும், நம் ஆதார் போலவே. ஆனால் மாடு பிறக்கும்போதே ஒரு அடையாள அட்டையோடுதான் வருகிறது: மூக்குநுனி ரேகை. ஒரு மாட்டுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது என்று 1920களிலேயே கண்டுகொண்டார்கள்.

ஓங்கோல் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆந்திரக் கரையிலிருந்து கப்பலேறிய அந்த மாட்டின் வம்சம்தான் பிரேசிலில் ‘நெலோர்’. அதில் வியாடினா-19 என்ற பசுவின் மூன்றில் ஒரு பங்கு 2023-இல் ஏலம் போன விலையை வைத்துப் பார்த்தால், முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கும் மேல்! ஹைதராபாத் யாதவர்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். தீபாவளி முடிந்ததும் நாராயணகூடாவில் சதர் விழா. எண்ணெய் தேய்த்து மின்ன மின்ன நிற்கும் எருமைக்கிடாக்களை மாலையும் மணியுமாக ஊர்வலம் விட்டு, தாளத்துக்குப் பின்னங்காலில் எழுந்து நிற்க வைப்பார்கள். ஹரியானாவிலிருந்தெல்லாம் முர்ரா கிடாக்கள் வந்து இறங்கும்.

இவ்வளவு பேரையும் மந்தையையும் அரசு எண்ணியதா என்றால், மாட்டை எண்ணியது. 2019 கணக்கில் 19 கோடிக்கு மேல் மாடுகள், ஏறக்குறைய 11 கோடி எருமைகள். இடம்பெயர்ந்து மேய்க்கிறவர்களின் மந்தைகளைத் தனியாகக் கணக்கில் எடுத்தது 2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான், அதுவும் முதல் முறையாக. ஐ.நா. சபையோ 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று அறிவித்தது.

வயலில் சோளம் எமன் என்றால், நகரத்து மேய்ச்சலில் இன்னொரு ஆபத்து இரும்பு. மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்து மெல்லாமல் விழுங்கிவிட்டு, அப்புறம்தான் ஆற அமர அசைபோடும். அதனால் கட்டுமானக் கம்பித்துண்டும் ஆணியும் புல்லோடு உள்ளே போய்விடும். இரண்டாம் இரைப்பை அறையில் அவை தங்கும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான். குத்தினால் முடிந்தது. வைத்தியம் என்ன தெரியுமா? விரல் நீளத்தில் ஒரு காந்தத்தை மாட்டுக்கு விழுங்கக் கொடுத்துவிடுவார்கள்! அது அந்த அறையிலேயே ஆயுசு முழுக்கக் கிடந்து, வருகிற ஆணியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காந்தம் விழுங்காத மாடும் காந்தத்துக்குக் கட்டுப்படுமாம். 2008-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கூகுள் எர்த் படங்களில் 308 மேய்ச்சல் நிலங்களில் 8,510 மாடுகளைப் பார்த்து, அவை பெரும்பாலும் வடக்கு–தெற்காகவே நிற்கின்றன, படுக்கின்றன என்று அறிவித்தார்கள். பூமியின் காந்தப்புலம் மாட்டுக்குத் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். மூன்று வருஷம் கழித்து செக் நாட்டுக் குழு ஒன்று, தாங்கள் பார்த்த படங்களில் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. கச்சிபவுலி, மணிகொண்டா பக்கம் எருமைக்கூட்டம் சாலையைக் கடக்கப் போக்குவரத்து நின்றுவிட்டால், ஹார்ன் அடிக்காமல் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நடக்கிற மாட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.